மெழுகை நம்பாத பிலிப் அண்ணன்

போன செவ்வாய்க்கிழமை காலை, தபால் நிலையத்தில் நான் கவுண்டரைத் திறக்குமுன் தொலைபேசி வந்தது. பிலிப் அண்ணனின் மனைவி மேரி அக்கா. எடுத்த எடுப்பில், "மலர், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். மலேசியாக்காரர்கள் காலையில் அப்படித்தான் கேட்பார்கள். "ஓம் அக்கா, பாண் சாப்பிட்டனான்" என்றேன். "அப்ப சரி. உக்காருங்க. அண்ணன் காலையில போயிட்டாரு" என்றார். பாபகூரா ரயிலைப் பிடிக்கக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். கணவர் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்பவள் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் செய்தியைச் சொன்னார். எனக்கு அழுகை வந்ததே அதை நினைத்துத்தான். வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், பத்து நிமிடம் அவர்களைக் காக்க வைத்தேன்.

பிலிப் அண்ணனை நம்மில் பலருக்குத் தெரியும், ஆனால் துண்டு துண்டாகத்தான் தெரியும். மேல்பல் லேசாகத் தெரிய, பாதி சிரிப்போடு தேவாலயத்தில் கட்டைக் குரலில் பாடுகிறவர். தீபாவளிக் கூட்டத்தில் மைக் கரகரத்தால் யாரும் கூப்பிடாமலே ஸ்க்ரூடிரைவரோடு மேடையேறுகிறவர். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "பிலிப் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்" என்று பலர் அவரைப் புகழ்ந்ததுண்டு. அவர் கேட்டாரோ இல்லையோ, அவர்களுடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நிச்சயம். ஒருமுறை என் தமையன் அரசியல் கதைத்துக் களைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறியள் பிலிப்?" என்று கேட்டபோது, "இடது பக்கம் கடவாப்பல் ஒண்ணு போச்சு போல, இல்ல?" என்றார்.

அவருடைய வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில். வைத்தியர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிப் பல்வரிசையை அப்படியே எடுப்பார். தாடையில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியவர் என்றால் அந்தப் பிளாஸ்டர்த் தாடையை முதலில் நகர்த்தி, எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று பார்ப்பார். பிறகு அந்த இடத்துக்குப் பொருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டுச் செய்வார். சர்ஜன் எலும்பை வெட்டிய பிறகு, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் அந்தத் தட்டை வைத்துத்தான் தாடையை நிறுத்துவார். தட்டுப் பிழையானால் முகமும் பிழையாகிவிடும். மலேசியாவில் இதே வேலையைப் பதினைந்து வருடம் செய்தவரை இங்கே தற்காலிக உதவியாளர் என்றுதான் எடுத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அவருக்காக நான் நிறைய முணுமுணுத்திருக்கிறேன்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

எனக்குக் கீழ்த்தாடை சின்னது, பின்னால் போய் நிற்கும். நாடி, அதாவது முகவாய்க்கட்டை, என்று ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், கோயிலுக்குப் போனால், ஸ்டூடியோவில் படம் எடுத்தால், "பிள்ளை, நாடியை முன்னாலை பிடி" என்பார். கீழ்த்தாடையை அரை விரற்கடை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தால் முகம் லட்சணமாகிவிடும். எங்கள் ஊரில் படம் எடுக்கும்போது சிலர் மூச்சை இழுத்து வயிற்றைப் பிடிப்பார்கள், சிலர் உதட்டை இறுக்கி மிதப்புப் பல்லை மறைப்பார்கள். நான் நாடியைப் பிடித்தேன். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. மகளுக்குக் கலியாணம் நடக்க வேண்டுமே என்ற பயத்தில் இருந்தவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

எண்பத்து நான்கில் தமையன் கூப்பிட்டு ஊரை விட்டு இந்த நாட்டுக்கு, ஏவன்டேலுக்கு வந்தேன். தபால் கவுண்டரில் வேலை கிடைத்தது. அங்கே நாள் முழுக்க எதிரில் ஆட்கள், நாள் முழுக்கக் கதை. ஆகவே நாள் முழுக்க நாடியைப் பிடித்திருந்தேன், பிடித்திருக்கிறேன் என்பதே தெரியாமல். சில மாதங்களில் வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்றது. பிறகு வலி. காதுக்குள் குத்துகிற வலி என்று நினைத்து மச்சாள் நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு காய்ச்சி ஊற்றினார். ஒரு நாள் ஆப்பிள் கடிக்கப் போனேன், வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. தாடை மூட்டு பூட்டிக்கொண்டுவிட்டது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்ஜன் உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர். கீழ்த்தாடையை இரு பக்கமும் வெட்டி முன்னுக்குக் கொண்டுவந்தால் பல்லும் சேரும், மூட்டின் பாரமும் குறையும் என்றார். ஒரு வருடம் பல்லில் கம்பி போட்டிருந்தேன். பிறகு சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள்.

இதற்கிடையில் தமையன் மெல்போனில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். என் படம் போய்விட்டது. அது பிடித்த நாடியோடு எடுத்த படம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் நேரில் வருவதற்குள் சத்திரசிகிச்சை முடிந்து வீக்கமும் வற்றிவிடும், படத்தில் இருக்கிற முகம் நிஜமாகவே எனக்கு வந்துவிடும் என்று தமையன் திட்டம் போட்டார். எனக்கும் அந்தத் திட்டம் பிடித்திருந்தது. அதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

சத்திரசிகிச்சைக்கு ஐந்து வாரம் முன்பு கடைசி அச்சுகள் எடுத்தார்கள். இளக்கிய மெழுகை வாயில் வைத்து, "தளர்வாக விட்டு வழக்கம்போலக் கடியுங்கள்" என்றார் சர்ஜன். கழுத்துப் பட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் ஒரு சாண் தூரத்தில் நின்று என் முகத்தை உற்றுப் பார்க்கிறார். என் உடம்பு தன் பாட்டில் தன் வேலையைச் செய்தது. நாடியை முன்னால் பிடித்தேன், கடித்தேன். அவர் மிகவும் நல்லது என்றார். நானும் நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் கம்பியைச் சரிபார்க்கப் போனபோது, காத்திருக்கும் அறையில் ஒருவர் ரொட்டிக் கடைப் பாண் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளை மேலங்கி, புருவத்தில்கூடப் பிளாஸ்டர்த் தூள். "சிவமலர்தானே? பேரப் பாத்ததும் தமிழ்னு தெரிஞ்சுச்சு. நான் பிலிப், கீழ லேப்ல இருக்கேன்" என்றார். பையிலிருந்து பிளாஸ்டர்ப் பற்களை எடுத்தார். அது என்னுடைய வாய்.

மெழுகை நடுவில் வைத்து இரண்டு வரிசையையும் சேர்த்துக் காட்டினார். பிறகு மெழுகை எடுத்துவிட்டுச் சேர்த்தார். கீழ்வரிசை சறுக்கிப் பின்னால் போய் உட்கார்ந்தது. "இங்க பாருங்க. பல்லுல தேய்ஞ்ச இடமெல்லாம் இருக்கு. அதுங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்துறது இங்க, பின்னால. மெழுகு சொல்றது முன்னால. நீங்க எதுல சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. டாக்டர் முன்னால, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால உக்கார்ற மாதிரி உக்காந்துட்டீங்களா?" என்றார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பதினாறு வருடம் யாரும் கண்டுபிடிக்காத ஒன்றை முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளை பாண் பையோடு வந்து கேட்கிறார். "என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? நான் அப்பிடி ஒண்டும் செய்யேல்லை" என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "எங்க கல்யாணப் படத்துல மேரி இருக்கா. யாரு அந்தப் பொண்ணுன்னு எனக்கே இன்னும் தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லா அளவும் திரும்ப எடுக்க வேண்டும், நாள் தள்ளிப்போகும், மெல்போன் சம்பந்தமும் போகும். இதெல்லாம் எனக்குள் ஒரு நொடியில் ஓடி முடிந்துவிட்டது.

"சரி. உங்களப் பத்தி டாக்டர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார். "ஆனா இந்த மெழுக வச்சு நான் தட்டு செய்ய மாட்டேன். செஞ்சா டாக்டர் கொஞ்சமாத்தான் முன்னால கொண்டு வருவாரு. கம்பிய அவுத்ததும் தாடை பின்னால போயிரும். பல்லு சேராது, மூட்டு இப்ப இருக்கிறத விட மோசமாயிரும்." பல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அன்று ரயிலில் ஏவன்டேல் வரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தட்டுச் செய்ய மறுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு அப்போது தெரியாது. லேப் மேற்பார்வையாளர், உன்னால் முடியாவிட்டால் வேறு ஆள் செய்வான் என்றாராம். தற்காலிக வேலை, பாபகூராவில் அப்போதுதான் மோர்ட்கேஜ் கடனில் வாங்கிய வீடு. பிலிப் அண்ணன் பாண் பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேளாமல், நேரே சர்ஜனின் அறைக்கு மேலே ஏறிப் போயிருக்கிறார். தேய்மானமும் மெழுகும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மெழுகை நானே எடுத்தேன் என்று சர்ஜன் சொல்ல, தெரியும், அதனால்தான் உங்களிடமே வந்தேன் என்றாராம். இதையெல்லாம் பிறகு மேரி அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் என்னை அழைத்தார்கள். அறையில் சர்ஜன், தாதி, மூலையில் பிலிப் அண்ணன். மேசையில் என் பற்கள். சர்ஜனின் குரலில் வழக்கமான மென்மை இல்லை. "நீங்கள் கடிக்கிற இடம் இதுதானா?" என்று மெழுகைக் காட்டிக் கேட்டார். "ஆம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு நாளும் தப்பும், மெல்போனும் தப்பும். மூலையில் நிற்பவர் சொன்னது பொய்யாகும், வேலைகூடப் போகலாம், அவ்வளவுதான். நான் பிலிப் அண்ணனைப் பார்த்தேன். கெஞ்சுகிற பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு வீம்பு வந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்து, மேலங்கியிலிருந்த தூளை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவர் வேறு பக்கம் பார்த்த அந்த நொடியில்தான் என் வீம்பு உடைந்தது.

"இல்லை டாக்டர். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன். சர்ஜன் மெழுகை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி, இப்போது விடுங்கள்" என்றார்.

விட முடியவில்லை. அதுதான் எனக்கு உண்மையில் பயம் தந்தது. எப்படி விடுவது என்று என் தாடைக்குத் தெரியவில்லை. விடு விடு என்று நினைக்க நினைக்க அது முன்னாலேயே நின்றது. அப்போது மூலையிலிருந்து தமிழில் குரல் வந்தது. "நாக்கு நுனிய மடிச்சு அண்ணத்துல பின்னால கொண்டு போங்க. இன்னும் பின்னால. அப்படியே மெதுவா மூடுங்க. நாக்கு பின்னால போனா தாடை முன்னால வராது." மூடினேன். கடவாய்ப்பற்கள் எங்கேயோ தூரத்தில் ஒன்றையொன்று தொட்டன. சர்ஜன் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். அடுத்த நாள் அவர் முதல்முறையாக நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போய்ப் பிலிப் அண்ணனின் கையைக் குலுக்கினாராம். அதற்குப் பிறகு யாருக்கு மெழுகு வைத்தாலும் பிலிப் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்த வருடமே வேலையும் நிரந்தரமாயிற்று.

சத்திரசிகிச்சை ஐந்து மாதம் தள்ளிப்போனது. தசைகள் பழக்கத்தை மறக்கட்டும் என்று பிலிப் அண்ணன் எனக்குப் பல்லில் மாட்டிக்கொள்ள வேறொரு தட்டுச் செய்து தந்தார். அதைப் போட்டால் தாடை முன்னுக்குப் போக ஒரு பிடியும் கிடைக்காது. வாரத்துக்கு வாரம் தாடை பின்னால் இறங்கியது. என் நாடி இவ்வளவு சின்னது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தோடுதான் கவுண்டரில் ஸ்டாம்பு விற்றேன். அந்த முகத்தோடுதான் மெல்போன்காரர் முன்னாலும் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்திலை வேறை மாதிரி இருந்தது" என்றார். "அது நான் பிடிச்சு வைச்ச முகம் மாமி. என்ரை முகம் இதுதான்" என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். தமையன் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. நடந்ததைப் பிலிப் அண்ணனிடம் சொன்னேன். ஆறுதல் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அது சரி, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது.

சத்திரசிகிச்சை நல்லபடி நடந்தது. ஆறு வாரம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். வாந்தி வந்தால் உடனே வெட்ட ஒரு குறடும் தந்து, எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். பிலிப் அண்ணன் அதை ரிப்பனில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஏவன்டேல் சந்தைக்கு வருகிற சாக்கில், மேரி அக்கா கோழியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சி மூன்று முறை வடிகட்டிய சூப்போடு பிலிப் அண்ணனுடன் வருவார். நம் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரத் தெரியாது. வாய் கட்டியிருக்கிறது என்று தெரிந்தும் வடை, முறுக்கு, சீடை என்று கொண்டுவந்து, "ஒரு வாய் கடிச்சுப் பாரும்" என்பார்கள். பிலிப் அண்ணன் அந்தப் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அவங்களுக்காக நான் கடிக்கிறேன், கொடுங்க" என்பார். முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டு, சிரிக்க முடியாமல், மூக்கால் சிரித்துக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் இந்த நாட்டில் குறைவு.

கம்பியை அவிழ்த்த அன்று தாதி கண்ணாடியை நீட்டினாள். பிலிப் அண்ணன் கையால் தடுத்தார். "கண்ணாடி எங்க போயிரும்? முதல்ல கடிங்க" என்றார். கடித்தேன். எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் சேர்ந்தன, பிடிக்காமல், தள்ளாமல். "நான் முகத்தப் பாக்கிற ஆள் இல்ல தங்கச்சி. கடி சரியா இருந்தா முகம் அது பாட்டுக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கீழே போய்விட்டார். தாதிதான் பிறகு சொன்னாள், படிக்கட்டில் நின்று கண்ணைத் துடைத்தாராம். பிறகு எனக்குக் கலியாணம் நடந்ததா என்று கேட்பவர்களுக்கு: அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை, இறுதிச் சடங்கு நிலையத்தில் ஆட்கள் பார்க்க வருமுன், மேரி அக்கா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பெட்டியில் பிலிப் அண்ணன், நீலக் கோட்டில். மேரி அக்கா என் கையை இறுக்கிக்கொண்டு, "மலர், எல்லாம் அழகாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இது அவர் இல்ல. எது தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். எனக்குத் தெரிந்தது. வாயை மூடியவர்கள் கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்கு வைத்து மூடிவிட்டார்கள். மந்திரி படம்போலக் கம்பீரமாக இருந்தது. இறுதிச் சடங்கு நிலையத்துக்காரரைக் கூப்பிட்டு, மன்னிக்க வேண்டும், இவருடைய பல் சேருகிற இடம் இதுவல்ல, இன்னும் கொஞ்சம் பின்னால் என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை. எங்களை வெளியே நிற்கச் சொன்னார். திரும்ப உள்ளே போனபோது மேல்பல் லேசாகத் தெரிய, பாதி சிரிப்போடு, கொஞ்சம் அசடாக, அவர் படுத்திருந்தார். மேரி அக்கா குனிந்து அந்த நாடியைத் தொட்டார். "ஆமா, இப்பதான் எங்க ஆளு" என்றார்.

அவரை அறிந்த உங்களிடம் அவருடைய பாட்டு இருக்கும், பகிடி இருக்கும், அவர் சரிசெய்து தந்த மைக் இருக்கும். என்னிடம் இருப்பது இது: யார் என்னை எப்படிப் பார்த்தாலும் என் வாய் அது மூடுகிற இடத்திலேயே மூடுகிறது. வலிக்காமல் மூடுகிறது.